காய்ச்சலின் நாட்கணக்கு

நோய்களுக்குள் தலைமையானது சுரம் என்பது நம்முடைய பழைய வைத்திய நூல்களின் தீர்மானம். தக்ஷனுடைய யாகத்தின்போது ருத்திரன் கொண்ட கோபமே சுரமாக உருவெடுத்தது என்ற புராணக் கதையை எடுத்துரைக்கும் சரக சம்ஹிதை, உயிர்கள் பிறக்கும்போதும் சுரம் உடன் வருகிறது, இறக்கும்போதும் சுரம் உடன் இருக்கிறது என்று கூறி, ரோகங்களின் நிதானத்தை விவரிக்கும் பகுதியில் அதற்கே முதலிடம் அளிக்கிறது. மனிதர்கள் இவ்வளவு அஞ்சிய அந்தச் சுரத்தின் உண்மையான காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் உலகத்தில் எந்த வைத்தியருக்கும் தெரியாது. ஆயினும் காய்ச்சலுக்குத் தொடக்கம் உண்டு, வளர்ச்சி உண்டு, உச்சம் உண்டு, தணிவு உண்டு, ஒவ்வொன்றுக்கும் நாட்கணக்கும் உண்டு என்பதை அவர்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டு, அந்த அவஸ்தைகளுக்குத் தனித்தனியே பெயரும் இட்டு வைத்தார்கள். அந்தப் பெயர்களின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால் ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும்: காலம் செல்லச் செல்ல, நோயின் தொடக்கம் என்று மனிதன் சுட்டிக் காட்டும் இடம் பின்னோக்கி நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நோயாளி படுக்கையில் விழுந்த நாளைத் தொடக்கமாகக் கொண்டு கணக்கிட ஆரம்பித்த வைத்திய சாஸ்திரம், அதற்கு முந்திய நாட்களையும், அவற்றுக்கும் முந்திய பருவங்களையும் கடந்து, கடைசியில் அவன் உடம்புக்கு வெளியே இருக்கும் நீர்நிலைக்குப் போய்ச் சேர்ந்த கதை அது.

கிரேக்க தேசத்திலிருந்து தொடங்குவோம். ஈஜியன் கடலின் வடபகுதியில் தாஸோஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னர், ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் அத்தீவில் தங்கி, அந்தந்தப் பருவத்தில் எந்த விதமான காற்று வீசிற்று, எவ்வளவு மழை பெய்தது, எந்தக் காய்ச்சல் பரவிற்று என்பவற்றையெல்லாம் கிரமமாகக் குறித்து வைத்ததோடு, தாம் பார்த்த நோயாளிகள் ஒவ்வொருவருடைய நிலையையும் நாள்வாரியாக எழுதியும் வைத்தார். அக்குறிப்புகளில் முதலாவது, மதிலோரத்தில் குடியிருந்த ஃபிலிஸ்கஸ் என்பவனைப் பற்றியது. முதல் நாள் கடுமையான காய்ச்சலோடு படுத்த அவனுக்கு மூன்றாம் நாள் காலை முதல் நண்பகல் வரையில் காய்ச்சல் விட்டுவிட்டதைப்போலத் தோன்றிற்று. மாலையில் அது மீண்டும் மூண்டது. நாவறட்சியும் பிதற்றலும் கருநிறச் சிறுநீரும் தொடர்ந்து வர, ஆறாம் நாள் நண்பகலில் அவன் உயிர் நீத்தான். இவ்வாறு எழுதப்பட்ட நோயாளிகளின் வரலாறுகள் அக்குறிப்புகள் அடங்கிய நூலின் இரண்டு பாகங்களிலும் சேர்ந்து 42 இருக்கின்றன. அவற்றில் 25 மரணத்தில் முடிகின்றன. தம்மிடம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள் என்பதை மறைக்காமல் எழுதி வைத்த அந்த நேர்மையை வைத்தியத் தொழிலின் மிக உயர்ந்த தருமங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். என்ன மருந்து கொடுத்தோம் என்பதைப் பற்றி அந்தக் குறிப்புகள் அதிகம் பேசுவதில்லை. எந்த நாளில் என்ன நேர்ந்தது என்பதே அவற்றின் விஷயம்.

அவ்வாறு நாளெண்ணிப் பார்த்ததன் பயனாகக் கிரேக்கர்களுக்கு ஒரு கருத்து உதித்தது. காய்ச்சல் தன் உச்சத்தை அடைந்தபின் குறிப்பிட்ட சில நாட்களில் ஒரு முடிவுக்கு வருகிறது. அந்த நாளில் வியர்வையோ இரத்தப் போக்கோ பெருகி, நோயாளி பிழைத்துக்கொள்கிறான் அல்லது கைவிட்டுப் போகிறான். தீர்ப்பு என்று பொருள்படும் தங்கள் சொல்லாகிய ‘கிரிஸிஸ்’ என்பதையே அந்த நிலைக்கு அவர்கள் பெயராக இட்டு, அத்தகைய தீர்ப்பு நாட்களில் ஏழு, பதினான்கு, இருபது ஆகியவை முக்கியமானவை என்றும், நான்காம் நாள் ஏழாம் நாளின் முன்னறிவிப்பு என்றும் வகுத்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய வைத்தியர் காலன், நோயின் காலத்தைத் தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம் என்று நான்காகப் பகுத்து, உணவும் மருந்தும் அந்த நான்கையும் அனுசரித்தே கொடுக்கப்பட வேண்டும் என்று விதித்தார். தீர்ப்பு நாட்களுக்குச் சந்திரனின் கதியைக் காரணமாகக் காட்டியது மட்டும் அவர் வழி தவறிய இடம். அவர் செய்த பகுப்பு அரபு மொழிக்குச் சென்று, இப்னு ஸீனா என்ற வைத்தியரின் பெருநூலில் இடம்பெற்று, யூனானி ஹக்கீம்களோடு இந்தியாவுக்கும் வந்தது. கிரேக்கர் தீர்ப்பு என்று அழைத்த நிலையை அவர்கள் இன்றும் ‘புஹ்ரான்’ என்று வழங்கி வருகிறார்கள்.

கிரேக்கர் நோயாளி படுத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்றால், பாரத நாட்டு ஆசாரியர்கள் அதற்கும் முன்னால் சென்றார்கள். ஒரு நோயை அறிவதற்கு ஐந்து வழிகள் உண்டு என்பது ஆயுர்வேதத்தின் கொள்கை. நோய்க்குக் காரணமாகிய நிதானம், வருமுன் காட்டும் குறியாகிய பூர்வரூபம், வெளிப்பட்டபின் தோன்றும் லட்சணமாகிய ரூபம், உணவாலும் மருந்தாலும் நேரும் சாந்தியைக் கொண்டு அறியும் உபசயம், வாத பித்த கபங்களாகிய தோஷங்கள் கெட்டு உடம்பில் பரவி நோயாக உருக்கொள்ளும் வழியாகிய சம்பிராப்தி என்பவை அவை. சுரத்தின் பூர்வரூபமாகச் சரகம் கூறுவனவற்றைப் படிக்கும்போது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்டவற்றையே கேட்பது போலிருக்கும்: வாய் ருசி கெடுதல், உடம்பு கனத்தல், சோற்றில் வெறுப்பு, கண்ணில் நீர் வடிதல், கொட்டாவி, மயிர்க்கூச்சம், எதிலும் மனம் பொருந்தாமை. இந்த ஐந்து வழிகளையும் ஒழுங்குபடுத்தி நோய்க்கணிப்புக்கென்றே தனி நூல் செய்தவர் மாதவகரர். அவருடைய ருக்விநிச்சயம் மாதவ நிதானம் என்ற பெயரால் நாடெங்கும் பரவியதோடு நில்லாமல் அரபு நாட்டு அறிஞர்களையும் எட்டிற்று. 850ஆம் ஆண்டில் தம் பெருநூலை முடித்த அலீ இப்னு ஸஹ்ல் ரப்பான் அல்தபரி, இந்தியரின் வைத்தியத்தைத் தொகுத்துரைக்கும் அதன் இறுதிப் பகுதியில் சரகம், சுசுருதம் ஆகியவற்றோடு நிதான நூலையும் எடுத்தாண்டிருக்கிறார்.

நோயின் வளர்ச்சியை ஆராய்ந்தவர்களுள் சுசுருத சம்ஹிதையின் ஆசிரியருக்கு நிகராக யாரையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சூத்திரஸ்தானத்தின் இருபத்தோராவது அத்தியாயத்தில் அவர் ஆறு படிகளை வகுக்கிறார். தோஷம் தன் இடத்திலேயே சேர்ந்துகொண்டிருப்பது சஞ்சயம். அது பொங்கி எழுவது பிரகோபம். இடம்விட்டு இடம் பரவுவது பிரசரம். பலவீனமான ஓர் உறுப்பைக் கண்டு அங்கே தங்குவது ஸ்தானஸம்சிரயம். நோய் தன் முழு லட்சணங்களோடு வெளிப்படுவது வியக்தி. கட்டி உடைந்து புண்ணாவதும், சுரம் பேதி போன்றவை நாட்பட்டு ஊன்றிவிடுவதும் பேதம். நீர் மிகுந்து பெருகிய ஏரி கரையை உடைத்துக்கொண்டு வேற்று நீரோடும் கலந்து நாலாபக்கமும் பாய்வதைப் பிரசரத்துக்கு அவர் உவமையாகக் கூறுகிறார். இந்த ஆறில் மக்கள் நோய் என்று சொல்லுவது ஐந்தாவது படியைத்தான். பூர்வரூபம் தோன்றுவது நான்காவதில். அதற்கு முன்னால் மூன்று படிகள் நோயாளி அறியாமலே கடந்து போய்விடுகின்றன. இந்த ஆறையும் அறிந்தவனே வைத்தியன் என்று வரையறுத்த சுசுருதர், சஞ்சயத்திலேயே நீக்கப்பட்ட தோஷம் அடுத்த படிக்கு ஏறுவதில்லை என்றும், விட்டுவிட்டால் படிதோறும் அதன் பலம் மிகுகிறது என்றும் அறுதியிட்டுக் கூறினார். தோஷங்களைப் பற்றிய அவருடைய சித்தாந்தத்தை இன்றைய விஞ்ஞானம் ஏற்காமலிருக்கலாம். ஆனால் நோய் வெளிப்படுவதற்கு முன்னரே அது நெடுந்தூரம் வந்துவிட்டது என்ற அவருடைய தரிசனம் இன்றைய வைத்தியத்திற்கும் ஆதாரமாகவே நிற்கிறது.

தமிழ் நாட்டுச் சித்த வைத்தியமும் இந்த விசாரணையில் பங்குகொண்டு, அதற்கு அழகிய தமிழ்ப் பெயர்களையும் தந்திருக்கிறது. வளி, அழல், ஐயம் என்னும் மூன்று தோஷங்களும் பருவந்தோறும் அடையும் மாறுதலைத் தன்னிலை வளர்ச்சி, வேற்றுநிலை வளர்ச்சி, தன்னிலை அடைதல் என்று அது மூன்றாகப் பகுத்துச் சொல்லும். முதுவேனிலில் வளி தன் இடத்திலேயே வளர்கிறது. கார் காலத்தில் இடம் பெயர்ந்து பிற இடங்களில் சென்று வருத்துகிறது. கூதிரில் தணிந்து தன் நிலையை அடைகிறது. அழலுக்குக் காரும் கூதிரும் முன்பனியும், ஐயத்துக்குப் பின்பனியும் இளவேனிலும் முதுவேனிலும் அவ்வாறே அமைகின்றன. மழையில் வெளிப்படும் நோய்க்கு வித்து கோடையிலேயே விழுந்துவிட்டது என்பது இதன் தாத்பரியம். நோயின் தொடக்கத்தைத் தேடிச் சென்ற ஆசாரியர்கள் உடம்பைக் கடந்து பருவத்தையும் காற்றையும் நீரையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளிப்பட்ட சுரத்திற்கும் நம்மவர் நாட்கணக்கு வைத்திருந்தார்கள். சுரம் முதலில் செரியாத அன்னரசமாகிய ஆமத்தோடு கூடியது, பிறகு பக்குவப்படுவது, பின்னர் ஆமம் நீங்கியது என்று மூன்று நிலைகளை வகுத்து, முதல் நிலையாகிய புதுச் சுரத்தில் கஷாயம் கொடுக்கலாகாது, பட்டினியாகிய லங்கனமே அப்போது மருந்து என்று விதித்தார்கள். மூன்று தோஷங்களும் சேர்ந்து கெடும் சந்நிபாத சுரம் ஏழாம் நாளிலோ பத்தாம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ மேலும் கடுமையாகி, அதன்பின் தணியும் அல்லது கொன்றுவிடும் என்றார்கள். மூன்று வாரங்களைக் கடந்தும் மெலிதாக நின்று, பசியைக் கெடுத்து, மண்ணீரலை வீங்கச் செய்யும் சுரத்துக்கு ஜீர்ண சுரம் என்று பெயர். நாள்தோறும் ஒருமுறை வருவது, ஒருநாள் விட்டு வருவது, இரண்டு நாள் விட்டு வருவது என்று விஷம சுரத்தையும் வகைப்படுத்தினார்கள். இந்த சாஸ்திர ஞானம் ஏடுகளிலேயே தங்கிவிடாமல் ஜனங்களின் பேச்சிலும் ஊறிப்போயிற்று. காய்ச்சல் கண்டது, ஏறியது, ஜன்னி பிறந்தது, தணிந்தது, விட்டது என்றும், முறைக்காய்ச்சல், உள்காய்ச்சல், விட்டுவிட்டு வருகிற காய்ச்சல் என்றும் தமிழ் மக்கள் ஒவ்வொரு நிலையையும் பிரித்துச் சொல்லுவதும், நோய் முற்றிலும் நீங்கிய பிறகே தலைக்குத் தண்ணீர் விட்டுப் பத்தியத்தை முறிப்பதும் அந்த நாட்கணக்கின் வழிவந்த சம்பிரதாயங்களே.

தாஸோஸ் தீவிலும் கங்கைக் கரையிலும் ஏழாம் நாள் என்ற ஒரே எண் எழுந்ததைக் கண்டு, ஒருவர் மற்றவரிடம் கற்றுக்கொண்டார் என்று ஊகிக்க வேண்டிய அவசியமில்லை. இருவருக்கும் ஆசிரியர் நோயாளியின் படுக்கையே. நிமோனியா என்ற நுரையீரல் அழற்சியில், மருந்து ஏதும் கொடுக்கப்படாதபோது, ஐந்தாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் ஏழாம் நாளையொட்டி, காய்ச்சல் சில மணி நேரத்திற்குள் திடீரென்று இறங்கி, நோயாளி வியர்வையில் நனைந்து ஆழ்ந்து உறங்கிப் பிழைத்தெழுவதை முந்திய தலைமுறை டாக்டர்கள் கண்கூடாகக் கண்டிருக்கிறார்கள். நோய்க்கிருமியை எதிர்க்கும் பொருள்கள் இரத்தத்தில் போதிய அளவு உற்பத்தியாவதற்கு அத்தனை நாட்கள் ஆகின்றன என்ற காரணம் பின்னாளில் விளங்கிற்று. பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்த பிறகு அந்தத் தீர்ப்பு நாளுக்காகக் காத்திருக்கும் கொடுமை மனித குலத்துக்கு நீங்கிவிட்டது.

நாட்கணக்கைக் கண்ணால் காணும் கோடாக மாற்றிய பெருமை ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து வைத்தியசாலையில் பணியாற்றிய வுண்டர்லிஷ் என்பவரைச் சேரும். சுமார் 25,000 நோயாளிகளின் உடற்சூட்டை வெப்பமானியால் விடாமல் அளந்து, அக்கணக்கையெல்லாம் ஆராய்ந்து, 1868இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். அக்காலத்து வெப்பமானி ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ளது. அதைக் கக்கத்தில் வைத்துக் கால் மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆரோக்கியமான உடம்பின் சூடு 37 டிகிரி செண்டிகிரேடு என்ற அளவு உலகத்தில் நிலைபெற்றது அவராலேதான். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தனக்கே உரிய ஏற்ற இறக்கக் கோடு உண்டு என்பது அவருடைய சித்தாந்தம். டைபாய்டு என்று இன்று வழங்கும் விஷக்காய்ச்சலில் சூடு முதல் வாரத்தில் படிப்படியாக ஏறி, இரண்டாம் வாரத்தில் உயர்ந்தே நின்று, மூன்றாம் வாரத்தில் குடற்புண்ணால் உயிருக்கு ஆபத்தை விளைவித்து, அதைத் தாண்டினால் மெல்ல மெல்ல இறங்கும். திடீர்த் தீர்ப்புக்கும் இந்த மெல்லிய தணிவுக்கும் உள்ள பேதத்தை அந்தக் கோடு ஒரு பார்வையில் காட்டிவிட்டது. இந்தியாவின் ஆஸ்பத்திரிகளில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டுகளெல்லாம் அந்த உழைப்பின் சந்ததியே.

ஆயினும் வெப்பமானி காட்டுவது நோய் வெளிப்பட்ட பின்னர் நிகழ்வதைத்தான். அதற்கு முந்திய மறைவான நாட்களை எண்ணிக் காட்டிய பெரும் நிகழ்ச்சி 1846இல் வட அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஃபேரோ தீவுகளில் நடந்தது. அறுபத்தைந்து ஆண்டுகளாகத் தட்டம்மையே தலைகாட்டாத அந்தத் தீவுகளில் அவ்வாண்டு அது புகுந்து, 7,782 ஜனங்களில் ஏறக்குறைய ஆறாயிரம் பேரைப் பற்றிக்கொண்டது. டென்மார்க் அரசாங்கம் அனுப்பிய பேதர் பானும் என்ற இருபத்தைந்து வயது வைத்தியர், ஒரு கிராமத்தார் எந்த நாளில் படகேறிச் சென்று நோயாளிகளோடு பழகினார்கள், எந்த நாளில் அவர்கள் உடம்பில் தடிப்பு எழுந்தது என்று ஊர் ஊராக விசாரித்து எழுதினார். கடலால் பிரிக்கப்பட்டு, வருவார் போவார் யாரென்று எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிறு கிராமங்கள் அவருடைய ஆராய்ச்சிக்கு வாய்ப்பாக அமைந்தன. தொற்றிய நாளுக்கும் தடிப்பு தோன்றிய நாளுக்கும் நடுவில் பதின்மூன்று பதினான்கு நாட்கள் சென்றன என்று அவர் நிர்ணயித்தார். 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்கள் ஒருவரையும் நோய் மீண்டும் தீண்டவில்லை என்பதையும் கண்டார். நோயரும்பு காலம் என்று நாம் இன்று குறிப்பிடும் அந்த மௌனமான இடைவெளிக்கு அன்று திட்டமான அளவு கிடைத்தது. நோய் தொடங்கும் நாள் இருமலும் காய்ச்சலும் தோன்றும் நாளிலிருந்து இன்னொரு மனிதனைச் சந்தித்த நாளுக்குப் பின்னோக்கிச் சென்றது.

முறைக்காய்ச்சலின் ரகசியம் வெளிப்பட்டதும் இந்த வரிசையில் சேர்ந்ததே. 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரத்தில் பிரெஞ்சு ராணுவ வைத்தியர் லாவரான், மலேரியா என்னும் அக்காய்ச்சல் கண்ட நோயாளியின் இரத்தத்தில் உயிருள்ள கிருமியைக் கண்டார். சில ஆண்டுகளுக்குள் இத்தாலியில் கோல்ஜி, அந்தக் கிருமிகள் இரத்த அணுக்களுக்குள்ளே வளர்ந்து, 48 மணிக்கு ஒருமுறையோ 72 மணிக்கு ஒருமுறையோ ஒரே சமயத்தில் அணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவருவதையும், அந்த வேளையில்தான் குளிரும் காய்ச்சலும் மூளுவதையும் நிரூபித்தார். ஒருநாள் விட்டும் இரண்டுநாள் விட்டும் வருவதாக ஹிப்பாக்ரட்டீஸின் மரபினரும் சரகரின் மரபினரும் எண்ணி வைத்த முறைகள் அணுவளவும் பிழையற்றவை என்பது இவ்வாறு தெரியவந்தது. 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்ட பிறகு, நோயின் தொடக்கம் கொசு கடித்த இரவுக்குச் சென்றது. ஆனால் கடித்த இரவுக்கும் காய்ச்சல் கண்ட நாளுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வார காலம் கிருமி இரத்தத்தில் புலப்படாமல் எங்கே மறைந்திருக்கிறது என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. 1948இல் இங்கிலாந்தில் ஷார்ட், கார்ன்ஹாம் என்ற இருவரும் முதலில் குரங்கின் ஈரலிலும், பிறகு மனிதனின் ஈரலிலும் அது குடியிருந்து பெருகுவதைக் கண்டுபிடித்தார்கள். உடம்பின் உள்ளே ஓரிடத்தில் ஓசையின்றிப் பெருகி, அளவு மிகுந்தபின் பரவி, அதன் பிறகே நோயாக வெளிப்படுகிறது என்ற வரிசையைச் சுசுருதரின் படிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, கருவிகள் இல்லாத காலத்தில் வெறும் கண்ணாலும் சிந்தனையாலும் அந்தப் பெரியோர் எட்டிய தூரத்தை எண்ணி மனம் வணங்குகிறது.

விஷக்காய்ச்சலின் தொடக்கத்தைத் தேடியவர்கள் இன்னும் ஒரு படி அப்பால் சென்றார்கள். இங்கிலாந்தில் வில்லியம் பட் என்ற வைத்தியர், அந்த நோயின் விஷம் நோயாளியின் மலத்தோடு வெளியேறிச் சாக்கடையிலும் குடிநீரிலும் கலந்து பிறரை அடைகிறது என்று, கிருமி இன்னதென்று தெரிவதற்கு முன்னரே வாதித்து, 1873இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். முறைக்காய்ச்சலின் விஷயத்திலும் அவ்வாறே, ராஸ் 1902இல் சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரத்துக்குச் சென்று, கொசுக்கள் முட்டையிடும் தேங்கிய நீரை அகற்றச் செய்து அங்கே மலேரியாவை ஒடுக்க வழிகாட்டினார். நோயின் முதற்படி நோயாளியின் உடம்பிலேயே இல்லை, ஊர்ப்பொதுவான கிணற்றிலும் குட்டையிலும் இருக்கிறது என்று ஆனபின், சிகிச்சையின் முதற்படியும் அங்கேதான் தொடங்க வேண்டியதாயிற்று.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நாம் பெறும் உபதேசம் இரண்டு வகையானது. ஒன்று தனி மனிதனுக்கு உரியது. இன்றைய டாக்டரும் நோயாளியிடம் கேட்கும் முதற்கேள்வி எப்போது தொடங்கிற்று என்பதே. எத்தனை நாளாகக் காய்ச்சல், விட்டு வருகிறதா, தொடர்ந்து நிற்கிறதா, எந்த வேளையில் ஏறுகிறது என்று வீட்டார் கவனித்துச் சொல்லும் விவரம் ஆயிரம் பரிசோதனைகளுக்கு வழிகாட்டும். ஒரு குறியும் இல்லாத நிலையிலேயே இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் தொடங்கிவிட்டன என்று டாக்டர் எச்சரிக்கும்போது, வலி ஒன்றும் இல்லையே என்று அலட்சியம் செய்பவர்கள், வியக்திக்கு முன்னால் நான்கு படிகள் உண்டு என்ற பழைய பாடத்தை மறந்துவிட்டவர்கள். மற்றொன்று சமூகத்துக்கு உரியது. நோயின் தொடக்கம் தேங்கிய நீரிலும் மூடாத சாக்கடையிலும் இருக்கும்போது, அதைத் தடுக்கும் கடமை நோயாளியைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. மூன்றாம் நாள் கஷாயமோ ஏழாம் நாள் ஊசியோ அந்தக் கடமைக்கு ஈடாகவும் மாட்டாது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் திரள்வதைக் கண்டு காய்ச்சல் பரவத் தொடங்கிவிட்டது என்று நாம் சொல்லும்போது, உண்மையில் அது ஐந்தாம் படிக்கு வந்துவிட்டது என்றே பொருள். முதற்படியில் அதைச் சந்திக்க வேண்டியவர்கள் கோடையிலேயே கால்வாயைத் தூர் வாரியிருக்க வேண்டிய ஊராட்சியாரும் நகராட்சியாரும், அவர்களைக் கேட்டுச் செய்விக்க வேண்டிய ஊராருமே.